பீரோவுக்குள் பௌர்ணமி

"இந்தப் பௌர்ணமிக்குப் புத்தர ஹால்ல வைக்கணும்பா," என்றாள் மகா.

லட்சுமம்மா முதலில் ஓடிப்போய் ஜன்னலைச் சாத்தினாள். பிறகு பால்கனிக் கதவை. அதற்கப்புறம்தான் மகளைத் திட்ட வாயைத் திறந்தாள், அதுவும் கிசுகிசுப்பாக. எலெக்ட்ரானிக் சிட்டி பக்கம் இந்த அபார்ட்மென்ட்டுக்குக் குடிவந்ததிலிருந்து அந்த வீட்டில் கோபம்கூடச் சத்தமில்லாமல்தான் வரும்.

"இந்தப் பேச்ச எடுக்காத, எடுக்காதன்னு எத்தினி வாட்டி சொல்றது? லீவு நாளும் அதுவுமா காலங்காத்தால ஏண்டி உசுர வாங்கற?"

"இன்னிக்கு வைகாசிப் பௌர்ணமிம்மா. அவரு பொறந்தநாளு. ஊர்ல எவன் பொறந்தநாளுன்னாலும் ஹால்ல பலூன் கட்றாங்க. நம்மாளுக்கு மட்டும் பீரோவா?"

சந்திரன் டிவியின் சத்தத்தைக் கூட்டினார். பீன்யா தொழிற்பேட்டையில் லேத் மிஷின் இரைச்சலுக்கு மேல் கத்திக் கத்தியே காலம் தள்ளி ரிட்டயர் ஆன மனிதர். இப்போது சொந்த மகளுக்குப் பதில் சொல்லக்கூட ஒரு சீரியலின் துணை வேண்டியிருந்தது.

"கேக்கக் கூடாதத கேக்காத, மகா. வீடு இருக்கணுமா வேணாமா?"

விஷயம் இதுதான். படுக்கையறை பீரோவின் நடுத்தட்டில், லட்சுமம்மாவின் கூரைப்புடவைக்கும் குளிருக்குப் போர்த்தும் கம்பளிக்கும் நடுவே, ஒரே ஃப்ரேமுக்குள் புத்தரும் அம்பேத்கரும் குடியிருந்தார்கள். மகாவின் கொள்ளுத்தாத்தா தங்கவயலில் சுரங்க வேலை பார்த்தபோதே பௌத்தராகிவிட்டவர். அன்றிலிருந்து அந்தக் குடும்பத்துக்குத் திருநீறும் கிடையாது, நாமமும் கிடையாது. பௌர்ணமிக்குப் பௌர்ணமி ஒரு விளக்கு, பஞ்சசீலம், ஒரு கைப்பிடி பொரி. நீலசந்திராவில், தங்கள் சனங்களே நிறைந்த பழைய தெருவில் இருந்தவரை அந்தப் படம் வாசலைப் பார்த்து மாட்டியிருந்தது. தெருவே வந்து பொரி வாங்கித் தின்னும்.

மகா பட்டம் வாங்கினாள். அந்தக் குடும்பத்தில் முதல் பட்டம். வேலை கிடைத்தது. ஆபீசுக்குப் பக்கத்தில் வீடு பார்க்க வேண்டியதாயிற்று. கெட்டது பிழைப்பு.

முதலில் பிடித்த வீட்டில் படத்தை ஹாலில்தான் மாட்டினார்கள். தண்ணீர் மோட்டார் பார்க்க வந்த ஓனர் படத்தைப் பார்த்தார். புத்தரைப் பார்த்துச் சிரித்தார். பக்கத்தில் இருந்த கோட்டுப் போட்டவரைப் பார்த்ததும் சிரிப்பை மடித்து உள்ளே வைத்துக்கொண்டார். மறுநாளே ஃபோன். "எம் பையன் அமெரிக்காலேர்ந்து வரான். வீடு வேணும்." ஒரே வாரத்தில் காலி செய்தார்கள். அடுத்த வாரம் அந்த வழியாகப் போனபோது 'டு லெட்' பலகை தொங்கியது. பையன் இன்னும் ஃப்ளைட்டில்தான் இருக்கிறான் போலிருக்கிறது.

இந்த வீட்டின் ஓனர் கஸ்தூரிரங்கன். கீழ்வீட்டிலேயே குடியிருக்கிறார்; அசோசியேஷன் தலைவரும் அவர்தான். நாகரிகமான மனிதர். சாதி கேட்கமாட்டார். "உங்களவா குலதெய்வம் எது?" என்று மட்டும் கேட்டார். சந்திரனுக்கு வியர்த்துவிட்டது. வாயில் வந்ததைச் சொன்னார்: "திருப்பதி."

அவ்வளவுதான். கஸ்தூரிரங்கன் உருகிப்போனார். சாவியைக் கொடுத்தார், கூடவே பெருமாள் காலண்டரும் கொடுத்தார். அன்றிலிருந்து அபார்ட்மென்ட் பூஜைகளில் கோவிந்தா போடும் பொறுப்பு சந்திரனுடையது. அவர் கோவிந்தா போட்டால் மொட்டை மாடியில் துணி காயப்போடுகிறவர்களுக்குக் கேட்கும். அதே மனிதர் பௌர்ணமியன்று பீரோவுக்குள் தலையை விட்டு "புத்தம் சரணம் கச்சாமி" என்று சொன்னால் பீரோவுக்கே கேட்காது. அதற்குப் பின்னால் வரும் ஐந்து சீலங்களில் ஒன்று, பொய் சொல்லமாட்டேன் என்பது. அதையும் ஜன்னலைச் சாத்திவிட்டுத்தான் சொல்வார்.

"புத்தர் பொம்மை ஒண்ணு வாங்கி டிவி பக்கத்துல வெச்சுக்கோயேன்," என்றாள் லட்சுமம்மா. "யாரு வேணாங்கப் போறா? எல்லார் வூட்லயுந்தான் இருக்கு. கீழ லாபில இல்லியா, அம்மாம் பெருசு? வெளக்கு ஏத்தாம, கும்பிடாம இருந்தா ஒரு தொல்லயும் இல்ல."

"கும்பிடாம வைக்கறதுக்கு அவரு என்ன ஃப்ளவர் வாஸா?"

"அடியே, மெதுவா பேசு!"

மகா எழுந்துபோய்த் திரையை இழுத்தாள். அம்மாவைச் சொல்லி என்ன? ஆபீசில் அவள் மேஜையிலும் ஒரு சின்னப் புத்தர் இருக்கிறார். தீபாவளிக்கு டீம் லீட் கொடுத்தது, டென்ஷன் குறையுமாம். ஒருநாள்கூட அவரைப் பார்த்து அவள் கை குவித்ததில்லை. கை குவித்தால் பக்கத்து சீட்டுக்காரி கேட்பாள். ஒரு கேள்வி இன்னொரு கேள்வியைக் கூட்டிவரும். கடைசியில் எங்கே வந்து நிற்கும் என்று தெரியும். பட்டம் வாங்கிய அந்தத் தைரியசாலி புத்தருக்குப் பக்கத்தில் ஸ்டேப்ளரை வைத்திருந்தாள்.

திரை இழுத்தாயிற்று. சீரியலில் மாமியார் ஒருத்தி அழுது புரண்டுகொண்டிருந்தாள். சந்திரன் பீரோவைத் திறந்து, ஃப்ரேமுக்கு முன்னால் தட்டில் அகல் விளக்கை ஏற்றினார். லட்சுமம்மா வழக்கம்போலக் கூரைப்புடவையை ஒரு பக்கமாக ஒதுக்கிப் பிடித்துக்கொண்டாள். மூன்று பேரும் பீரோவுக்கு முன்னால் திருடர்களைப் போல நெருக்கியடித்துக்கொண்டு நின்றார்கள். சந்திரனின் உதடு அசைந்தது. சரியாகப் பொய் சொல்லமாட்டேன் என்ற இடத்துக்கு அவர் வந்தபோது காலிங்பெல் அடித்தது.

விளக்கை ஊதி அணைக்க யாருக்கும் தோன்றவில்லை. பயந்தவன் கை முதலில் கதவைத்தான் தேடும். சந்திரன் பீரோவைப் படாரென்று சாத்தினார்.

வந்தது சீதாலட்சுமி, ஓனரின் மனைவி.

"லட்சுமி, சாயங்காலம் லாபில சத்யநாராயண பூஜை. மறந்துடாதேள். உங்காத்துக்காரர் கோவிந்தா போடலேன்னா எங்காத்து மாமாவுக்குப் பூஜை பண்ண திருப்தியே இல்லையாம்!"

"வந்துர்றோம் மாமி."

மாமி சோபாவில் உட்கார்ந்தாள். வந்த வேலை முடிந்துவிட்டது. வராத வேலை ஆரம்பித்தது.

"மூணாவது மாடிக்குப் புதுசா ஒரு ஃபேமிலி வந்திருக்கா, பாத்தேளோ? பேரெல்லாம் நன்னாத்தான் இருக்கு. ஆனா எனக்கென்னமோ சரியாப் படலை. இப்பல்லாம் யார் என்னன்னே கண்டுபிடிக்க முடியல லட்சுமி. நல்ல பேரா வெச்சுண்டு ஏமாத்திடறா. உங்களவா மாதிரி பாத்த உடனே தெரியற மனுஷா எத்தனை பேர்?"

"ஆமாங்க மாமி," என்றாள் லட்சுமம்மா. அவள் கண் படுக்கையறைக் கதவின் மேலேயே இருந்தது. கதவிடுக்கில் மெல்லியதாக ஒரு புகை வரத் தொடங்கியிருந்தது.

மகா உள்ளே போனாள். சந்திரன் பீரோவில் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டிருந்தார். இரும்புக் கதவு சுட்டிருக்க வேண்டும், நகரவில்லை. 'திறங்கப்பா' என்று மகா ஜாடை காட்டினாள். அவர் தலையை ஆட்டினார். அவள் கைப்பிடியை எட்டப் போனபோது மகளைப் பார்த்து இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டார். அந்தப் பௌர்ணமியில் அவர் நெஞ்சார, கை முழுக்கக் கும்பிட்டது அந்த ஒருமுறைதான்.

ஹாலில் மாமி மூக்கை உறிஞ்சினாள். "என்னமோ பொசுங்கறதே? தலைமயிர் பொசுங்கற மாதிரின்னா இருக்கு?"

"மகா தலை காய வைக்கிற மிஷினு, மாமி. எப்ப பாரு சூடு ஏத்திடும்."

பட்டு பொசுங்கினால் அப்படித்தான் வாசனை வரும். அது தன் கூரைப்புடவை என்று லட்சுமம்மாவுக்குத் தெரிந்தது. தெரிந்தும், "காபி சாப்டறீங்களா மாமி?" என்று கேட்டாள். மாமி சாப்பிட்டாள். சாவகாசமாக.

அவள் போனபிறகு பீரோவைத் திறந்தார்கள். புகை முகத்தில் அடித்தது. மகா ஒரு வாளித் தண்ணீரை உள்ளே வீசினாள். கூரைப்புடவையின் நடுவில் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குக் கருப்பு ஓட்டை. ஃப்ரேமின் கண்ணாடி சூட்டில் குறுக்காக விரிசல் விட்டிருந்தது. கரி படிந்த கண்ணாடிக்குப் பின்னால் இருவரும் எப்போதும்போல நிதானமாகத்தான் இருந்தார்கள்.

லட்சுமம்மா புடவையை விரித்துப் பார்த்தாள். ஓட்டைக்குள் கையை விட்டு எடுத்தாள். பெருமூச்சு விட்டாள்.

"நல்ல காலம். அந்தம்மா பாக்கல," என்றாள்.

மகாவுக்கு அந்த இடத்தில்தான் ஏதோ அறுந்தது. கல்யாணப் புடவை எரிந்ததற்கு ஒருத்தி அழவேண்டும். இவளோ, யாரும் பார்க்காமல் எரிந்ததே என்று சந்தோஷப்படுகிறாள். இன்னும் கொஞ்ச நேரம் அந்த மாமி மூன்றாவது மாடியைப் பற்றிப் பேசியிருந்தால் வீடு எரிந்திருக்கும். அப்போதும் அப்பா பீரோவில் சாய்ந்துகொண்டுதான் நின்றிருப்பார்.

"கண்ணாடி மாத்தணும்," என்றாள். "சாயங்காலம் நீலசந்திராவுக்கு எடுத்துட்டுப் போறேன். அப்பிடியே விகாரைக்கும் போயிட்டு வரேன்."

"பூஜைல தலயக் காட்டிட்டுப் போ. துண்டு சுத்தி எடுத்துட்டுப் போ, யாராச்சும் பாத்துடப் போறாங்க," என்றாள் லட்சுமம்மா. பழைய பூத்துண்டில் ஃப்ரேமைச் சுற்றி, அங்கங்கே ஊக்கு குத்தி, பிறந்த குழந்தையைப் போல மகளிடம் கொடுத்தாள்.

சாயங்காலம் லாபி ஜொலித்தது. வாழைமரம், மாவிலை, சீரியல் லைட். வாத்தியார் கதை சொல்லிக்கொண்டிருந்தார். எதிர் மூலையில் புத்தர்.

அந்தப் புத்தரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆள் உயரத்தில் பாதி இருக்கும் தலை. வெறும் தலை, கழுத்தோடு சரி. உச்சியிலிருந்து தண்ணீர் வழிந்து கண், மூக்கு, உதடு வழியாக இறங்கி, கீழே கூழாங்கல் தொட்டியில் விழும். பாசிட்டிவ் எனர்ஜி என்று சொல்லி ஒரு இன்டீரியர் டிசைனர் வைத்துவிட்டுப் போனது. தினமும் விளக்கு வைக்கிற நேரத்துக்கு வாட்ச்மேன் நாகேஷ் மோட்டாரைப் போடுவார். இன்றைக்குக் கதைக்கு இடைஞ்சலாக இருக்கும் என்று தண்ணீரை நிறுத்தியிருந்தார்கள். அத்தோடு விட்டார்களா? பூஜைக்கு வந்தவர்கள் பக்தியோடு செருப்பைக் கழற்றி, மூலையாக இருக்கிறதே என்று புத்தரின் தாடைக்குக் கீழே குவித்திருந்தார்கள். யாரோ அவர் காதில் ஹெல்மெட்டை மாட்டியிருந்தார்கள்.

மகா பார்த்தாள். கையில் துண்டு சுற்றிய ஃப்ரேம், தோளில் பை. பைக்குள் காலையில் கருகிய அதே அகல், திரி, எண்ணெய், தீப்பெட்டி. விகாரையில் ஏற்றுவதற்கு எடுத்து வந்தது. இப்படியே வாசலைத் தாண்டிப் போய்விடலாம். பஸ் இருக்கிறது. நீலசந்திராவில் ஏற்றினால் ஒருத்தரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள்.

கால் புத்தரிடம் போய்விட்டது. அவள் போகவில்லை, கால்தான் போனது.

ஃப்ரேமைச் சுவரில் சாய்த்துவிட்டு, ஹெல்மெட்டை எடுத்துக் கீழே வைத்தாள். செருப்புகளைக் கையாலேயே ஒவ்வொன்றாகத் தள்ளினாள். நாகேஷ் பதறிக்கொண்டு வந்தார். "பேடாம்மா, பேடா. சார் பைத்தாரே!" வேண்டாமாம், சார் திட்டுவாராம்.

"என்னத்தானே திட்டுவாரு அண்ணா. திட்டட்டும்."

அகலைத் தொட்டி விளிம்பில் வைத்தாள். எண்ணெய் ஊற்றும்போது பாதி கூழாங்கல்லில் போனது. முதல் குச்சி ஒடிந்தது. இரண்டாவது குச்சி பற்றி அணைந்தது. மூன்றாவது குச்சியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஏற்றினாள். கை குவித்தாள். வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. எப்படி வரும்? இந்த வார்த்தைகளை அவள் இரண்டு வருஷமாகப் பீரோவுக்குள்தானே சொல்லியிருக்கிறாள்? தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடி ஆரம்பித்தாள்.

"புத்தம் சரணம் கச்சாமி."

வெளியே, வெளிச்சத்தில், முழுசாகக் கேட்டது. வாத்தியார் கதையை நிறுத்தினார்.

கஸ்தூரிரங்கன் எழுந்து வந்தார். "ஏம்மா மகா, என்னம்மா பண்றே? அது டெக்கரேஷன் பீஸ்மா. அதுக்குப் போய் விளக்கு ஏத்துவாளா?"

மகா மூன்று சரணத்தையும் சொல்லி முடித்துவிட்டுத் திரும்பினாள்.

"எங்க வீட்ல ஏத்துவோம் அங்கிள்."

"தப்புன்னு சொல்லலை. புத்தரும் நம்ம பெருமாளோட அவதாரம்தானே? நம்மவர்தான் அவர்."

"அவதாரம்னு தெரிஞ்சேவா அங்கிள் அவர் மூஞ்சிக்கு நேரா செருப்பு விட்டீங்க?"

யாரோ களுக்கென்று சிரித்துவிட்டு இருமினார்கள். கஸ்தூரிரங்கனின் புன்னகை அப்படியே இருந்தது, கண் மட்டும் மாறியது.

"உங்க குலதெய்வம் திருப்பதின்னாரே அப்பா?"

அதோ, வந்துவிட்டது. கூட்டத்தில் நின்ற சந்திரன் தலையைக் குனிந்தார். லட்சுமம்மா முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

"அப்பா பயந்துட்டுச் சொன்னது. நாங்க பௌத்தம். கொள்ளுத்தாத்தா காலத்துலேர்ந்து."

"பௌத்தம்னா... நேபாள் சைடா?" என்றாள் சீதாலட்சுமி, நிஜமான ஆசையோடு.

"நீலசந்திரா சைடு மாமி."

சொல்லிவிட்டு ஃப்ரேமை எடுத்து, துண்டில் குத்தியிருந்த ஊக்குகளைக் கழற்றினாள். விரிசல் விட்ட கண்ணாடிக்குப் பின்னால் புத்தரும், கோட்டுப் போட்டவரும். படத்தை லாபிப் பக்கம் திருப்பி, அகலுக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்தாள்.

அதற்குமேல் யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்க வேண்டியது முடிந்துவிட்டது. நாகரிகமானவர்கள் அல்லவா, கணக்கை மனசுக்குள்ளேயே போட்டார்கள். சீதாலட்சுமி மட்டும் தன்னையறியாமல் தொண்டையைத் தடவிக்கொண்டாள். காலையில் குடித்த காபி எதுவரை இறங்கியிருக்கும் என்று தேடுகிறவள் போல.

கஸ்தூரிரங்கன் குரலைத் தாழ்த்தினார். பெரிய மனசு பண்ணினார். "பாரும்மா. புத்தரை நீ தாராளமா வெச்சுக்கோ, எனக்கு அப்ஜெக்‌ஷனே இல்லை. விளக்கு மட்டும் வேண்டாம். இன்னொருத்தர் படம் பொலிட்டிக்கல். அது உள்ளயே இருக்கட்டும். நாளைக்கு அப்பாவோட நான் பேசிக்கறேன்." பிறகு குரலை உயர்த்தித் தண்ணீரைத் திறக்கச் சொன்னார்: "நாகேஷ், மோட்டார் ஹாக்கப்பா!"

நாகேஷ் ஒரு கணம் மகாவைப் பார்த்தார். சம்பளம் கொடுக்கிறவரையும் பார்த்தார். சுவிட்சைப் போட்டார்.

புத்தரின் உச்சியிலிருந்து தண்ணீர் கிளம்பியது. நெற்றியில் வழிந்து, உதட்டில் வழிந்து, தெறித்து, அவருக்காக ஏற்றிய விளக்கின் மேல் விழுந்தது. சுர் என்றது. அணைந்தது. எவர் கையும் படவில்லை. பழி எவர் மேலும் இல்லை. இந்த நாட்டில் இந்த வேலைக்கு எப்போதும் நல்ல ஏற்பாடு இருக்கிறது.

"ஆகட்டும், ஆகட்டும், பூஜை நடக்கட்டும்," என்று கஸ்தூரிரங்கன் கையைத் தட்டினார். எல்லாவற்றையும் மூடி மறைக்க அவருக்கு ஒரு வழி தெரியும். கழுத்து நரம்பு புடைக்கக் கூவினார்: "ஏடுகொண்டலவாடா! வெங்கட்ரமணா!"

கூட்டம் முழுக்கச் சந்திரனைத் திரும்பிப் பார்த்தது. அவர்தானே கோவிந்தா போட வேண்டும்? அவர் வாய் லேசாகத் திறந்தது. மகா அப்பாவைப் பார்க்கவில்லை. ஃப்ரேமில் தெறித்த தண்ணீரைத் துண்டால் துடைத்துக்கொண்டிருந்தாள். சந்திரன் அவள் கையைப் பார்த்தார். அந்தத் துண்டைப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டார்.

"வெங்கட்ரமணா!" என்றார் கஸ்தூரிரங்கன் மறுபடி, கொஞ்சம் கெஞ்சலாக.

லாபியில் தண்ணீர் விழும் சத்தம் மட்டும் கேட்டது.

மகா அகலைக் கவிழ்த்துத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் பைக்குள் போட்டாள். ஈரத் துண்டை மடித்து அம்மா கையில் கொடுத்தாள். "இது இனிமே தேவப்படாதும்மா. நாளைக்கு வீடு தேடப் போறப்ப இந்தப் படத்தத்தான் மொதல்ல நீட்டப் போறேன். ஓனரு இதப் பாக்கட்டும், அப்புறமா நான் ரூமப் பாக்கறேன்."

லட்சுமம்மா துண்டை வாங்கிக்கொண்டாள். ஜன்னலைச் சாத்த ஓடவில்லை. லாபியில் ஜன்னலும் இல்லை.

வாசல்வரை போன மகா நின்று திரும்பினாள். "அங்கிள், உங்க பையன் அமெரிக்காலேர்ந்து எப்ப வரார்?"

கஸ்தூரிரங்கன் குழம்பினார். "பையனா? எனக்குப் பையனே கிடையாதேம்மா. ஒரே பொண்ணு. மைசூர்ல இருக்கா."

"வருவான் அங்கிள். பாருங்க, இந்த வாரமே வந்துடுவான்."

படத்தை நெஞ்சோடு சேர்த்து, முகம் வெளியே தெரியப் பிடித்துக்கொண்டாள். லாபிக்குள் வந்தபோது கழற்றிய தன் செருப்பைக் குவியலில் தேட அவள் குனியவில்லை. வெறுங்காலோடு கேட்டைத் தாண்டி, நிலா ஏறிக்கொண்டிருந்த ரோட்டில் பஸ் ஸ்டாப்பைப் பார்த்து நடந்தாள்.